நுங்கம்பாக்கம் பார் கரோக்கே ஃபைனல்: பையன் ஜெயித்தது சரி, அக்கா தோற்றது தப்பு

ராத்திரி_ரயில் | ஞாயிறு, காலை 10:20

நேற்று ராத்திரி நுங்கம்பாக்கத்தில் ஒரு ஹோட்டல் பாரில் கரோக்கே ஃபைனல் நடந்தது. ஹோட்டல் பேர் வேண்டாம், வந்தவர்களுக்குத் தெரியும். ஐந்து பேர் பாடினார்கள். முதல் சுற்றில் அவரவர் இஷ்டப் பாட்டு. இரண்டாவது சுற்றில் கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து சீட்டு எடுக்கணும், என்ன பாட்டு வருதோ அதைப் பாடணும். இரண்டு ஜட்ஜ், கூடவே கைதட்டலுக்குத் தனி மார்க்.

ஜெயித்தது அந்தப் பச்சைச் சட்டைப் பையன். முதல் சுற்றில் குணா படத்து "கண்மணி அன்போடு" எடுத்தான். பாதி பாட்டு பேச்சுதான் என்பதால் மைக்கை எடுத்துக்கொண்டு டேபிள் டேபிளாகப் போய், ஜானகி அம்மா வரிகளை அங்கே இருந்த பெண்களிடமே நீட்டிவிட்டான். பார் மொத்தமும் கடிதம் படித்தது. இரண்டாவது சுற்றில் அவனுக்குச் சீட்டில் வந்தது "இளமை இதோ இதோ". 1982லிருந்து ஒவ்வொரு டிசம்பர் 31 ராத்திரியும் தமிழ்நாடு முழுக்க ஓடுகிற பாட்டு, அதை வைத்துக்கொண்டு தோற்கத்தான் கஷ்டப்படணும்.

இரண்டாவது வந்தது ஒரு வங்கி அக்கா, ஐம்பது வயது இருக்கும். முதல் சுற்றில் ஐந்து பேரில் அவர்தான் டாப், இதில் என் டேபிளில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சீட்டில் அவருக்கு வந்தது "காலங்களில் அவள் வசந்தம்". பி.பி. ஸ்ரீநிவாஸ் குரலுக்குப் போட்ட பாட்டு. அக்கா டிஜேயிடம் போய் ஸ்கேலை மாற்றிக் கொடுங்க என்று கேட்டார். முடியாது, எல்லாருக்கும் ஒரிஜினல் ஸ்கேல்தான், அதுதான் ரூல் என்று சொல்லிவிட்டார்கள். பல்லவியைக் கீழே ஆரம்பித்தார், குரல் கேட்கவே இல்லை. சரணத்தில் மேல் ஸ்தாயிக்குத் தாவினார், அங்கே இழுத்துப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. நன்றாகப் பாடத் தெரிந்த ஒருத்தர் மூன்று நிமிஷம் மேடையில் நின்று அவஸ்தைப்பட்டதைப் பார்த்தோம்.

அதனால்தான் தலைப்பு அப்படி. பையன் அந்த அறையைக் கையில் வைத்திருந்தான், அவனுக்குப் பரிசு போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அக்காவைத் தோற்கடித்தது அந்த ரூல்தான். நேற்று வந்தவர்கள் வேற யாராவது இங்கே இருக்கீங்களா?

---

மேடவாக்கம்_மைனர் | காலை 10:41

வந்தேன் தலைவா. கவுண்டர் ஓரம் நின்றுகொண்டு பேபி கார்ன் தின்றது நான்தான். பையன் ஜெயித்தது சரி என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவன் பாடியதே பாதி, மீதியைப் பாடினது பதினொன்றாம் டேபிளில் இருந்த ஆன்ட்டி. பரிசுக் கூப்பனில் ஆன்ட்டிக்கும் பங்கு கொடுத்தானா?

---

வேளச்சேரி_குயில் | காலை 11:05

நான் அரையிறுதியோடு வெளியே போனவள், அதனால் வயிற்றெரிச்சல் என்று நினைத்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

டூயட்டைத் தனியாகப் பாடுகிற போட்டியாளர் பெண் பகுதியையும் தானே பாடணும், இல்லை அந்த இடத்தைக் காலியாக விடணும். பார்வையாளரிடம் மைக்கை நீட்டியதும் அது போட்டிப் பாட்டாக இல்லாமல் ஸ்டேஜ் ஷோவாகிவிட்டது. ஜட்ஜ் எதற்கு மார்க் போட்டார்? அவன் சுருதிக்கா, பதினொன்றாம் டேபிள் சுருதிக்கா?

இன்னொன்று. அந்தக் குணா பாட்டு வருகிற மலையாளப் படம் மஞ்சும்மல் பாய்ஸ் வந்த 2024க்குப் பிறகு, அதைப் போட்டாலே கூட்டம் தானாக எழுந்து நிற்கிறது. 1991 பாட்டு, அன்றைக்குப் பிறக்காத பசங்கள் எல்லாம் வரிக்கு வரி கத்துகிறார்கள். யார் எடுத்துப் பாடியிருந்தாலும் அதே கைதட்டல்தான் விழுந்திருக்கும். கைதட்டலுக்கு மார்க் என்று வைத்தால் குரலை விட்டுவிட்டுப் பாட்டின் மார்க்கெட்டுக்குத்தான் மார்க் போகும்.

அக்கா விஷயத்தில் மட்டும் ரயில் சொல்வதோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன்.

---

மூணாவது_டேபிள் | காலை 11:30

அந்தப் பையனின் ஆபீஸ் கூட்டம் நாங்கள்தான். ஆமாம், கைதட்டினோம், விசில் அடித்தோம், அதற்குத்தானே ஓஎம்ஆரிலிருந்து ரெண்டு கேப் பிடித்து வந்தோம். வங்கி அக்காவுக்கும் எழுந்து நின்று தட்டியது எங்கள் டேபிள்தான், அதை யாரும் எழுத மாட்டீர்கள்.

யார் பாடினாலும் அதே கைதட்டல் என்கிறீர்கள். போன மாதம் இதே பாரில் ஒருத்தர் இதே பாட்டை எடுத்தார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் ஒப்பித்துவிட்டுப் போனார். சிக்கன் 65 ஆர்டர் வாங்க வந்தவர்கூட நிற்கவில்லை. ஒரு பாட்டு கூட்டத்தோடு சேருவதற்கும் சேராததற்கும் நடுவே நிற்பது பாடுகிற ஆள்தான் என்று நான் சொல்வேன்.

---

கீபோர்ட்_மாமா | பகல் 12:15

நான் நேற்று அங்கே இல்லை. நாற்பது வருஷமாக லைட் மியூசிக்கில் கீபோர்டு வாசிக்கிறவன் என்கிற தகுதியில் ஸ்கேல் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

கல்யாண ரிசப்ஷனோ, கோயில் திருவிழாவோ, தீவுத்திடல் பொருட்காட்சி மேடையோ, புதுசாக ஒரு பாடகர் வந்து நின்றால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி "என்ன கட்டை?" என்பதுதான். பேரைக்கூட அப்புறம்தான் கேட்போம். தெரியாதவர்களுக்காக: கட்டை என்றால் பாடகர் பாடுகிற சுருதி, நீங்கள் ஸ்கேல் என்கிறீர்களே அதுதான். ஒரு கட்டை என்பது ஹார்மோனியத்தில் சி. ஒன்றரை என்றால் அதற்கடுத்த கறுப்பு. ரெண்டு டி, ரெண்டரை அதற்கடுத்த கறுப்பு, மூணு ஈ, நாலு எஃப், இப்படியே ஏழு வரை. மூணரை கிடையாது, அங்கே கறுப்புக் கட்டை இல்லை. பெரும்பாலான ஆண்கள் ஒன்று, ஒன்றரை, ரெண்டில் நிற்பார்கள். பெண்களுக்கு அஞ்சு, அஞ்சரை, ஆறு. விதிவிலக்கு நிறைய உண்டு, ஆனால் பொதுவாக இப்படித்தான்.

ஸ்ரீநிவாஸ் சாருடைய குரல் ஏற்கனவே மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், மெத்தென்று உட்காருகிற குரல். பாவமன்னிப்பு வந்தது 1961ல், அன்றைக்கு மெல்லிசை மன்னர்கள் அவருடைய குரலில் எந்த இடம் இனிக்குமோ அந்த இடத்தில் பாட்டை வைத்தார்கள். ஒரு பெண் அதே ஸ்கேலில் பாடினால் அடிக்குரல் எட்டாது. ஒரு ஸ்தாயி தூக்கினால் உச்சியில் போய் நிற்கும். நடுவே இடமே இல்லை. அந்த அம்மா பல்லவியைக் கீழேயும் சரணத்தை மேலேயும் பாடியது திறமைக் குறைவு இல்லை, வேறு வழியே இல்லாமல் செய்தது.

எல்லாருக்கும் ஒரே ஸ்கேல் என்பதைச் சமத்துவம் என்று நினைத்துத்தான் அந்த ரூலைப் போட்டிருப்பார்கள். எல்லாருக்கும் எட்டாம் நம்பர் செருப்பைக் கொடுத்து ஓட்டப்பந்தயம் வைக்கிற கதை அது.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், கரோக்கே பிறந்ததே ஒரு ஆளுக்கு ஏற்றபடி ஸ்கேலும் வேகமும் மாற்றிக் கொடுப்பதற்காகத்தான். ஜப்பானில் கோபே ஊரில் டைசுகே இனோவே என்று ஒருத்தர், பார்களில் வாடிக்கையாளர் பாடப் பாடப் பின்னால் வாசிக்கிறவர். அவருடைய வாசிப்புக்கு மட்டுமே தனக்குப் பாட வரும் என்று ஒரு கம்பெனி முதலாளி அவரை ஒரு பயணத்துக்குக் கூப்பிட்டார். இவரால் போக முடியவில்லை, அந்த ஆளுக்குத் தோதாக வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்து அனுப்பினார். அதிலிருந்துதான் 1971ல் காசு போட்டால் பாட்டு ஓடுகிற பெட்டி வந்தது. முதலில் பதினொரு பெட்டி செய்து பார்களுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை எடுக்கவே இல்லை மனுஷன். எடுத்திருந்தால் இன்றைக்கு நுங்கம்பாக்கத்தில் பாடினாலும் அவருக்குக் காசு போயிருக்கும். 2004ல் அவருக்கு இக்நோபல் சமாதானப் பரிசு கொடுத்தார்கள், மனிதர்கள் ஒருத்தரையொருத்தர் பொறுத்துக்கொள்ளப் புதிய வழி கண்டுபிடித்தார் என்று சொல்லி. கேலிப் பரிசுதான், ஆனால் காரணம் சரியான காரணம்.

பாடத் தெரியாத ஒரு முதலாளிக்காக ஸ்கேலை வளைத்த விஷயத்தில், பாடத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு வளைக்க மாட்டேன் என்று நிற்பது எந்த ஊர் நியாயம்?

---

மேடவாக்கம்_மைனர் | பகல் 12:22

மாமா, டாஸ்மாக் பாரில் நாங்கள் மைக்கும் இல்லாமல் ஸ்கேலும் இல்லாமல் தினமும் பாடுகிறோம், அங்கே ஒருத்தரையொருத்தர் பொறுத்துக்கொள்வதற்கு எந்தப் பரிசும் வரவில்லை.

---

சவுண்டு_சர்வீஸ் | மதியம் 1:50

மாமா சொன்னது சரி. ஆனால் ஸ்கேல் மாற்ற அனுமதித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். டிஜே வைத்திருப்பது ஒரு ரெடிமேட் ட்ராக், பாடகர் குரல் இல்லாத வெறும் பின்னணி இசை. லேப்டாப்பில் பட்டனைத் தட்டினால் ஸ்கேல் ஏறும் இறங்கும், உண்மைதான். அரை அரையாக இரண்டு மூன்று படி வரைக்கும் காது கண்டுபிடிக்காது. அஞ்சு ஆறு படி ஏற்றினால் வயலின் எல்லாம் கீச்சென்று பொம்மைச் சத்தமாகும், தபேலா தகரமாகும். இறக்கினால் பூதம் பேசுகிற மாதிரி கொழகொழ என்று வரும். ஒரு ஆண் பாட்டைப் பெண் குரலுக்குக் கொண்டுவர அந்த அளவு மாற்றம் தேவைப்படும். அதனால் ரூலை மாற்றினாலும் நேற்று அந்த அக்காவுக்குக் கிடைத்திருப்பது ஒரு மட்டமான ட்ராக்தான். மட்டமான ட்ராக்கில் நல்லாப் பாடுவது, நல்ல ட்ராக்கில் எட்டாமல் நிற்பதைவிட மேல் என்பது வேறு விஷயம்.

சரியான வழி, சீட்டுக் கிண்ணத்தை இரண்டாகப் பிரிப்பது. ஆண் குரல் பாட்டு ஒரு கிண்ணம், பெண் குரல் பாட்டு ஒரு கிண்ணம். எந்தக் கிண்ணத்தில் கைவிடுவது என்பதைப் பாடுகிறவர் முடிவு செய்யட்டும்.

இன்னொரு பிரச்சினையை யாருமே சொல்லவில்லை. நான் அந்தப் பாருக்கு வேறொரு வேலையாகப் போயிருக்கிறேன். மேடையில் பாடுகிறவருக்கு மானிட்டர் ஸ்பீக்கரே கிடையாது, அதாவது பாடுகிறவர் காதுக்கென்று பக்கத்திலேயே வைக்கிற ஸ்பீக்கர். பெரிய ஸ்பீக்கர் இரண்டும் எதிர்ப்பக்கம் கவுண்டருக்கு மேலே. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஸ்பீக்கர் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் பாட்டு உங்கள் காதுக்கு வருவதற்குள் கிட்டத்தட்ட முப்பது மில்லிசெகண்ட் போய்விடும். நீங்கள் கேட்கிற தாளத்துக்குப் பாடுவீர்கள், உங்கள் குரல் கேபிள் வழியாகப் போய் அதே ஸ்பீக்கரில் தாளத்துக்குப் பின்னால் வந்து விழும். அதைக் கேட்டு நீங்கள் இன்னும் கொஞ்சம் தயங்குவீர்கள். வரி வரியாக இழுவை கூடும். பேச்சுப் பாட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மெலடிக்கு இது கொலை. குணா பாட்டு எடுத்தவர் தெரிந்து எடுத்தாரா தெரியாமல் எடுத்தாரா, அந்த அறைக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு இல்லை.

பையனுக்கு ஒரே ஒரு புத்திமதி: மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதே தம்பி. பார்க்க ஸ்டைலாக இருக்கும். ஆனால் அந்த மைக் முன்னால் வருகிற சத்தத்தை மட்டும் வாங்கிப் பின்னால் வருவதைத் தள்ளுகிற மாதிரி செய்யப்பட்டது. பின்பக்க ஓட்டையைப் பொத்தினால் நாலு பக்கமும் வாங்க ஆரம்பிக்கும். வீடியோவில் நடுவே ஒரு ஊளை கேட்கிறதே, அது அதனால்தான்.

---

ராத்திரி_ரயில் | மதியம் 2:10

இந்த ஸ்பீக்கர் சமாசாரம் எனக்குப் புதுசு. அரையிறுதியில்கூட மெலடி எடுத்தவர்கள் வரிசையாக வெளியே போனது ஞாபகம் வருது. குயில், நீங்களும் மெலடிதானே?

---

வேளச்சேரி_குயில் | மதியம் 2:18

மெலடிதான். என் வீட்டுக்காரர் "நீ தாளத்தை விட்டுட்டே" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சவுண்டு சர்வீஸ் சாருடைய பதிவை இப்போது அவருக்கு ஃபார்வர்டு செய்திருக்கிறேன்.

---

பழைய_மாம்பலம் | மாலை 4:35

எல்லாரும் பாரைத் திட்டுகிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள். டிவியில் நடக்கும்போது என்ன கிழித்தார்கள்? சன் டிவியில் ஏ.வி. ரமணன் சப்தஸ்வரங்கள் நடத்தின காலத்தில் பாடவந்தவர்களைச் சரஸ்வதி பூஜைக்குக் கொலு வைத்த மாதிரி மரியாதையாக உட்காரவைத்தார்கள். அப்புறம் 2006ல் சூப்பர் சிங்கர் வந்தது, எஸ்எம்எஸ் வோட்டு, அழுகை, அம்மா அப்பாவை மேடைக்குக் கூப்பிடுவது எல்லாம் வந்தது. ஏற்கனவே சினிமாவில் பாடியவர் போட்டியில் ஜெயித்தார் என்று 2016ல் ஊரே சண்டை போட்டது. வோட்டுப் போடுகிற இடத்தில் எல்லாம் பாட்டோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்துதான் ஜெயிக்கும். பாரில் அது கைதட்டல், டிவியில் அது கண்ணீர்.

அதுக்காகவே சொல்கிறேன், மூணாவது டேபிள் வயிற்றில் அடிக்காதீர்கள். பையனாவது அழாமல் ஜெயித்தான்.

---

வக்கீல்_பாதி | மாலை 5:20

போட்டி ராத்திரி பதினொன்றரை வரை நடந்ததாக வீடியோவில் தெரிகிறது. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதே?

---

சவுண்டு_சர்வீஸ் | மாலை 5:31

மூடின ஹாலுக்குள் வைக்கலாம் சார். 2000ம் வருஷத்து ஒலி மாசு விதியில் ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை தடை இருக்கிறது, மூடிய இடத்துக்குள்ளேயே நடப்பதற்கு விலக்கும் அதிலேயே இருக்கிறது. ஆனால் சத்தம் வெளியே தெருவுக்கு வரக்கூடாது. அதற்காகத்தான் நாங்கள் கதவுக்குக் கதவு ரப்பர் ஒட்டிக்கொண்டு அலைகிறோம்.

---

வக்கீல்_பாதி | மாலை 5:44

சரி, அது ஒத்துக்கொள்ளலாம். ஆனால் ட்ராக் எங்கிருந்து வருது என்று யாராவது கேட்டீர்களா? பொது இடத்தில், அதுவும் சாப்பாட்டுக்கும் சரக்குக்கும் பில் போடுகிற இடத்தில் பாடினால், பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத் தொகை போகணும். அதற்கு ஐபிஆர்எஸ் என்று 1969லிருந்து சங்கம் இருக்கிறது, ஹோட்டல்கள் அவர்களிடம் லைசென்ஸ் எடுக்கணும். ஒலிப்பதிவையே போட்டால் அதற்கு வேறு லைசென்ஸ். யூடியூபில் இறக்கின ட்ராக்கை வைத்துப் பரிசுப் போட்டி நடத்துகிற இடங்கள் நகரத்தில் எத்தனையோ. பாட்டைப் போட்டவருக்கு ஒரு ரூபாய் போகாமல் பாடியவருக்குக் கூப்பன் போவது

---

மேடவாக்கம்_மைனர் | மாலை 5:46

வக்கீல் சார் நடுவிலேயே எழுந்து போய்விட்டார், லைசென்ஸ் எடுக்கவா?

---

நெறியாளர் | மாலை 6:00

உரிமைத் தொகைக்குத் தனி இழை ஏற்கனவே இருக்கிறது, தயவுசெய்து அங்கே தொடருங்கள். இங்கே போட்டியைப் பற்றி மட்டும். போட்டியாளர்களின் பேர், போட்டோ, வேலை செய்கிற கிளை எதையும் யாரும் போடக்கூடாது, ஒரு பதிவை இப்போதுதான் நீக்கினேன்.

---

கிண்ணம்_பிடித்தவன் | இரவு 8:25

வணக்கம். போட்டியை நடத்திய டீமில் நான் ஒருத்தன். சீட்டுக் கிண்ணத்தை மேடையில் நீட்டினதே நான்தான், அதனால் இந்தப் பேர். பார் தரப்பில் பேச எனக்கு அதிகாரம் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஸ்கேல் ரூல் வந்ததற்கு ஒரு கதை இருக்கிறது. முந்தைய போட்டியில் எல்லாருக்கும் ஸ்கேல் மாற்றிக் கொடுத்தோம். ஒருத்தர் மேடையிலேயே நின்றுகொண்டு அரைக் கட்டை ஏற்று, கால் கட்டை இறக்கு என்று டிஜேயை வாட்டினார். கால் கட்டை என்று ஒன்று கிடையாது என்று சொன்னாலும் கேட்கவில்லை. மூன்று தடவை பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். பின்னால் இருந்த டேபிள்கள் பில் கேட்டுக் கிளம்ப ஆரம்பித்துவிட்டன. அது பார், வருகிறவர்கள் எல்லாம் பாட்டுக்காகவே வருவதில்லை, மேனேஜர் கடுப்பாகிவிட்டார். அன்றைக்குப் போட்ட ரூல் இது.

நேற்று அந்த அம்மா கேட்டபோது எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் ரூலை மாற்றினால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள். கிண்ணத்தில் முப்பது சீட்டு போட்டோம், அதில் ஆண் பாட்டு எவ்வளவு பெண் பாட்டு எவ்வளவு என்று யாரும் எண்ணவே இல்லை, இருக்கிற ட்ராக்கில் தெளிவாக இருப்பதை எடுத்துப் போட்டோம்.

---

வேளச்சேரி_குயில் | இரவு 8:40

இதுதான் விஷயமே. ஒருத்தர் மேடையில் பந்தா செய்தார் என்று எல்லாப் பெண்களுக்கும் சேர்த்துத் தண்டனை. மேடையில் கேட்கக்கூடாது என்றால் சரி, பேர் கொடுக்கும்போதே என் கட்டை இது என்று எழுதி வாங்கிக்கொள்ளலாமே? மேடையில் ஒரு நொடி வீணாகாது.

---

கீபோர்ட்_மாமா | இரவு 9:05

குயில் சொன்னது அப்படியே எங்கள் பழக்கம். கச்சேரிக்கு முன்னாலேயே ஒரு நோட்டில் பாட்டு, பாடகர், கட்டை மூன்றும் எழுதி வைத்துவிடுவோம். அந்த நோட்டைத் தொலைத்துவிட்டு மேடையில் நின்ற நாட்களும் உண்டு, அது வேறு கதை.

ஆனால் கிண்ணம் தம்பியின் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. எங்களிடம் மனுஷன் வாசிப்பான், பாடகர் அரைக் கட்டை தள்ளி ஆரம்பித்தாலும் கண்ணைக் காட்டினால் பின்னால் வந்து சேர்ந்துகொள்வோம். ஒரு வரியை மறந்தால் அதே இடையிசையை இன்னொரு சுற்று வாசித்துக் காப்பாற்றுவோம். ட்ராக் யாருக்காகவும் நிற்காது. அதனால் கரோக்கேயில் பாடுவது ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடுவதைவிடச் சுலபம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அந்த அம்மா கடைசி வரி வரை தாளம் விடாமல் முடித்தார்களா இல்லையா? வீடியோவைப் பார்த்தேன், முடித்தார்கள். மானிட்டர் இல்லாமல், எட்டாத ஸ்கேலில். நான் ஜட்ஜாக இருந்தால் அதற்கே முழு மார்க் போட்டிருப்பேன்.

---

மூணாவது_டேபிள் | இரவு 9:20

மாமா, அப்படிப் போட்டிருந்தால் அது பரிதாப மார்க். எங்கள் பையனும் சீட்டு எடுத்துத்தான் பாடினான். அவனுக்கு எட்டாத பாட்டு வந்திருந்தால் அவனும் திணறியிருப்பான், அப்போது இந்த இழையே இருந்திருக்காது.

---

ராத்திரி_ரயில் | இரவு 9:48

பரிதாப மார்க் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஜட்ஜ் கேட்டதற்குத்தான் மார்க் போட முடியும், கேட்டது நன்றாக இல்லை. ஆனால் உங்கள் பையனுக்கு எட்டாத பாட்டு வர வாய்ப்பு ரொம்பக் குறைவு, அதைக் கவனியுங்கள். ஐந்து பேரில் நாலு பேர் ஆண்கள். கிண்ணத்தில் யாரும் எண்ணிப் போடவில்லை என்கிறார் கிண்ணம்காரர். பழைய தனிப்பாட்டு என்று எடுத்தாலே டி.எம்.எஸ்., பி.பி.எஸ்., எஸ்.பி.பி. என்றுதான் கை போகும், நேற்று வந்த ஐந்து சீட்டும் ஆண் பாட்டுதான். அக்கா எந்தச் சீட்டை எடுத்திருந்தாலும் மாட்டியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் கைதட்டல் மார்க்கை எடுத்துவிடணும் என்று குயில் சொன்னதை நான் ஏற்கவில்லை. பாரில் பாடுகிறவன் பேசிக்கொண்டு, தின்றுகொண்டு, கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டு இருக்கிற கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பணும். அது ஒரு தனித் திறமை, சபாவில் அமைதியாக உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் அது தேவைப்படாது. நேற்று அதை இரண்டு பேர் செய்தார்கள். பையன் சத்தம் போட வைத்தான். அக்கா முதல் சுற்றில் பாடும்போது ஐஸ் போடுகிற ஆள்கூட இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். இரண்டாவதற்கு டெசிபல் கிடையாது என்பதுதான் பிரச்சினை.

---

வேளச்சேரி_குயில் | இரவு 10:02

கைதட்டல் மார்க்கில் நான் மாறப்போவதில்லை, ஆனால் அந்த இடுக்கி விஷயம் உண்மை, நானும் பார்த்தேன்.

---

கிண்ணம்_பிடித்தவன் | திங்கள், மதியம் 1:15

மேனேஜரிடம் பேசினேன். அடுத்த முறையிலிருந்து பேர் கொடுக்கும்போதே கட்டை எழுதி வாங்குவோம், மேடையில் மாற்றம் கிடையாது. கிண்ணம் இரண்டு வைப்போம். மானிட்டர் ஸ்பீக்கருக்கு "பார்க்கலாம்" என்றார், அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கைதட்டல் மார்க் அப்படியே இருக்கும், ஏனென்றால் அதற்காகத்தான் டேபிள் நிறைகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். டூயட் எடுத்தால் இன்னொரு குரலுக்கு ஆளை முன்னாலேயே பேர் கொடுத்துக் கூட்டி வரணும், மைக்கைக் கூட்டத்தில் நீட்டக்கூடாது.

---

மேடவாக்கம்_மைனர் | மதியம் 1:19

பதினொன்றாம் டேபிள் ஆன்ட்டியின் கலை வாழ்க்கை இத்துடன் முடிந்தது.

---

சவுண்டு_சர்வீஸ் | மதியம் 1:40

மானிட்டர் ஒன்று என் குடோனில் சும்மா கிடக்கிறது. வாடகை வேண்டாம், போட்டி அன்றைக்கு ஆள் வைத்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஆனால் அதை மேடையில் பாடுகிறவரைப் பார்த்து வைக்கணும், கூட்டத்தைப் பார்த்து அழகுக்கு வைக்கக்கூடாது. இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதால்தான் சொல்கிறேன்.

---

அக்கா_பொண்ணு | இரவு 7:30

புதுசாக அக்கவுன்ட் தொடங்கினேன். நீங்கள் எல்லாரும் வங்கி அக்கா என்று எழுதுகிறவர் என் அம்மா. மொத்த இழையையும் மின்சார ரயிலில் வரும்போது படித்தாராம், வீட்டுக்கு வந்து என்னை எழுதச் சொன்னார்.

அம்மா சொன்னது: மறுபடியும் போட்டி நடத்தவும் வேண்டாம், பரிசும் வேண்டாம். பையன் இறங்கிப் போகும்போது காலில் விழப் பார்த்தான், அம்மா தடுத்துவிட்டார், அவன் நல்ல பையன், அவனைத் திட்டாதீர்கள். மேடவாக்கம் அண்ணனின் பதிவுகளைப் படித்துச் சிரித்தார். கீபோர்ட் மாமாவிடம் மட்டும் ஒரு விஷயம் கேட்கச் சொன்னார். அந்தப் பாட்டை ஒழுங்காக ஒரு முறை பாடாமல் விட மனசு கேட்கவில்லையாம், ஸ்மூல் என்கிற கரோக்கே ஆப்பில் தேடினால் எல்லாம் ஆண் ஸ்கேலாகவே இருக்கிறதாம். பெண் குரலுக்கு ஒரு ட்ராக் வாசித்துத் தர முடியுமா? எவ்வளவு ஆகும் என்றும் சொல்லுங்கள்.

---

கீபோர்ட்_மாமா | இரவு 7:52

காசெல்லாம் பேசாதீங்கம்மா. பட்டனைத் தட்டி ஏற்றினால் சவுண்டு தம்பி சொன்ன மாதிரி பொம்மைச் சத்தம்தான் வரும், முழுசாகப் புதுசாகவே வாசித்துவிடலாம், எனக்கும் வேலை குறைவாக இருக்கிற மாசம்தான். அம்மாவுக்கு என்ன கட்டை?

---

அக்கா_பொண்ணு | இரவு 8:10

அஞ்சரை என்று எழுதச் சொன்னார். எழுதுவதற்குள் சமையலறையிலிருந்து வந்து அஞ்சு போதும் என்றார். ஆபீஸ் முடிந்து ராத்திரியில்தான் பாட நேரம் கிடைக்கிறது, அப்போது அஞ்சரை ஏறாதாம்.

---

கீபோர்ட்_மாமா | இரவு 8:14

அஞ்சிலேயே போடுகிறேன். வேகம் ரெக்கார்டில் இருக்கிற மாதிரியேவா, கொஞ்சம் நிதானமாகவா?

---

அக்கா_பொண்ணு | இரவு 8:16

நிதானமாக.